மெய்சிலிர்ப்பும் மெய்யும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் தொடர்ந்து நடைபெறுவது எளிய செயலன்று. கவிதை படிப்பதற்கு ஆள் கிடைப்பர். கேட்பதற்கு ஆள் கிடைப்பது அரிது. கேட்டபின், "இவ்வரி எனக்கு உடன்பாடில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த மாதமும் அதே பாயில் வந்து அமரும் நண்பர்கள் கிடைப்பது அதனினும் அரிது. அத்தகைய நண்பர்களால் நிலைபெற்ற அவை இது. ஆகலின், வாழ்த்தோடு நின்றுவிடாமல், நாம் சேர்ந்து எண்ணிப் பார்க்கவேண்டிய ஒரு வினாவை உங்கள்முன் வைக்கலாம் என்னும் துணிவு எனக்குப் பிறந்தது.

செயலுக்கு அறம் உண்டு என்பதை எல்லோரும் ஒப்புவர். சொல்லுக்கு அறம் உண்டு என்பதையும் ஒப்புவர். வள்ளுவர் வாய்மைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ஆனால் செயலாகவும் சொல்லாகவும் வெளிப்படுமுன் நெஞ்சுக்குள் குடியிருக்கும் நம்பிக்கைக்கு ஓர் அறம் உண்டா? "நான் எதை நம்பினால் உனக்கென்ன?" என்று ஒருவர் கேட்டால், அவருக்கு நாம் சொல்லத்தக்க விடை யாது? இதுவே என் வினா.

சொல்லுக்குள் ஒரு வரலாறு

முதலில் 'நம்பு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் உரியியலில் 'நம்பு', 'மேவு' என்னும் இரண்டு உரிச்சொற்களையும் சேர்த்து, அவை விருப்பம் என்னும் பொருளைத் தருவன என்கிறார். இன்று நாம் உண்மையென்று கொள்வதைக் குறிக்கும் சொல், பண்டு விரும்புவதைக் குறித்தது. மொழி இவ்வாறு பொருள் மாறுவது இயல்பே. ஆயினும் இந்த மாற்றத்துள் மனிதமனத்தின் இயல்பு ஒன்று பதிந்து கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நாம் விரும்புவதை நம்புகிறோம். நம்பியபின், அதனை விரும்பியதனால்தான் நம்பினோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. நண்பன் கைவிடமாட்டான் என்பது நம்பிக்கை. நாளை நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. கடவுள் உண்டு என்பது நம்பிக்கை. இந்த நூல் இத்தனை ஆண்டுப் பழமையது என்பதும் நம்பிக்கை. நான்கும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. ஆயினும் நான்கிற்கும் வேண்டப்படும் சான்று ஒரே தன்மையதன்று. முதல் மூன்றினிடத்து நாம் காட்டும் மென்மையை நான்காவதினிடத்தும் காட்டும்போதுதான் இடர் தொடங்குகிறது.

கப்பலும் தீவும்

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர் வில்லியம் கிளிஃபர்டு என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1845இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, காசநோயால் 1879இல் தம் 33ஆம் வயதிலேயே மறைந்தவர். நம்பிக்கையின் அறம் பற்றி அவர் 1876இல் ஓர் அறிஞர் கழகத்தில் படித்த கட்டுரை 1877 சனவரியில் இதழொன்றில் வெளிவந்தது. அக்கட்டுரை ஒரு கதையோடு தொடங்குகிறது.

கப்பல் உடைமையாளன் ஒருவன். அவனது கப்பல் பழையது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. தாய்நாட்டை விட்டுக் குடிபெயரும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது புறப்பட வேண்டும். கப்பல் கடலுக்குத் தகுதியுடையதுதானா என்னும் ஐயம் அவனுக்கு எழுகிறது. முற்றும் சோதித்துச் செப்பனிடலாம், ஆனால் பெருஞ்செலவாகும். அவன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். எத்தனையோ புயலைத் தாங்கிய கப்பல் இந்தப் பயணத்தையும் தாங்கும். ஏதிலிகளாகச் செல்லும் இக்குடும்பங்களை இறைவன் கைவிடமாட்டான். கப்பல் கட்டியவர்களைச் சந்தேகிப்பது பெருந்தன்மை ஆகாது. இவ்வாறு எண்ணி எண்ணி, உளமார நம்பத் தொடங்கிவிடுகிறான். மகிழ்ச்சியோடு வழியனுப்புகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்கிறான்.

இது வெறுங் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. தகுதியற்ற கப்பல்களுக்குக் காப்பீடு செய்து கடலுக்கு அனுப்பும் வழக்கத்தை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சால் என்பவர் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் போராடிவந்த காலம் அது. மக்கள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே வழங்கினர். கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரையவேண்டும் என்னும் சட்டம் 1876இல்தான் பிறந்தது. கிளிஃபர்டும் கப்பல் உடைவதை அறிந்தவரே. 1870ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தைக் காணச் சென்ற குழுவினருடன் பயணம் செய்தபோது, சிசிலித் தீவின் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் அவர்.

அந்த உடைமையாளன் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே நம்பினான். ஆயினும் அவன் குற்றவாளியே என்கிறார் கிளிஃபர்டு. தன்முன் இருந்த சான்றுகளைக் கொண்டு அவ்வாறு நம்புவதற்கு அவனுக்கு உரிமை இல்லை. ஐயத்தை ஆராய்ந்து தீர்க்காமல், அதன் குரல்வளையை நெரித்து அடக்கினான். அதன்மேலும் ஒருபடி சென்று, கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் குறைவதில்லை என்கிறார். கேடு விளையாமல் போனது தற்செயல். நம்பிய முறையில் இருந்த பிழை நிலையானது.

இரண்டாவது கதை ஒரு தீவைப் பற்றியது. அங்கே சிறுபான்மைச் சமயத்தார் சிலர், குழந்தைகளை அவர்களுடைய காப்பாளர்களிடமிருந்து களவாகக் கொண்டுசென்று தம் நெறியில் சேர்க்கின்றனர் என்று ஒரு கூட்டத்தார் பழிதூற்றுகின்றனர். விசாரணைக் குழு அமைகிறது. குற்றஞ்சாட்டப்பட்டோர் தூயவர்கள் என்பது தெளிவாகிறது. சிறிது முயன்று விசாரித்திருந்தால் முன்னரே தெரிந்திருக்கும் என்பதும் தெளிவாகிறது. பழிதூற்றியோரும் உளமார நம்பியவர்களே. ஆனால் அந்த நம்பிக்கை விசாரணையால் பெற்றதன்று. வெறுப்பின் குரலைக் கேட்டுப் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இக்கதை நம் மண்ணிலேயே, இதனினும் கொடிய வடிவில், நடந்தேறியது. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் நுழைந்துவிட்டனர் என்னும் வதந்தி கைப்பேசிகளின் வழியே வடதமிழ்நாட்டில் பரவியிருந்தது. அந்நாளில் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் வட்டாரத்திற்குத் தம் குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பத்தார் சென்னையிலிருந்து காரில் வந்தனர். வழி கேட்பதற்காக இறங்கியவிடத்தில், அக்குடும்பத்து முதிய பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் திரண்டது. அந்த அம்மையார் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில் இதுபோன்ற கொலைகள் நிகழ்ந்தன. சூலை மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று.

அடித்தவர்களின் குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கும். ஆனால் அந்த வதந்தியை, "எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டுமே" என்று நல்லெண்ணத்தோடு அனுப்பியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுள் யாருடைய கையும் அந்த அம்மையார்மேல் படவில்லை. எனினும் ஊரார் கையில் இருந்த கல்லுக்கு எடை கொடுத்தது அவர்களுடைய நம்பிக்கையே. "நான் எதை நம்பினால் உனக்கென்ன?" என்ற கேள்விக்குப் போளூர்ச் சாலை விடை சொல்லிவிட்டது. ஊர்க்குளத்து நீர் போன்றது நம்பிக்கை. ஒருவர் தம் வீட்டுப் படித்துறையில்தான் அழுக்கைக் கலக்குகிறார், குடிப்பவர் ஊரார்.

அளவை நம் மரபே

நம்புவதற்குச் சான்று வேண்டும் என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுமை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. சான்றுக்கு 'அளவை' என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். பொருளின் நீளத்தை முழக்கோல் அளப்பதுபோல், கூற்றின் உண்மையை அளப்பது எதுவோ அது அளவை. எத்துணை அழகிய சொல்!

மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகளை அணுகி, அவரவர் கொள்கையை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவர்களுள் முதலில் பேசுபவன் அளவைவாதி. பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அறம் உரைக்கும்போது, காட்சி, கருத்து என்னும் இரண்டே அளவைகள் எனத் தொடங்கி, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப் பிழைபட்ட வாதங்களின் வகைகளை நீளமாக அடுக்குகிறார். ஒரு காப்பியத்தின் தலைவி துறவு பூண்டபின் கேட்கும் பாடம், எதை எவ்வாறு நம்பலாகாது என்னும் தருக்கப் பாடம்! அக்காதையைக் கவிச்சுவை குன்றியது என்று கடந்துசெல்பவர் நம்மில் பலர். சாத்தனார் அதனை அங்கே வைத்த காரணத்தை எண்ணிப் பார்த்தல் நலம். சைவ சாத்திரமான சிவஞான சித்தியாரும் அளவை இயலோடுதான் தொடங்குகிறது. இறைவனைப் பற்றிப் பேசுமுன், அறியும் வழிகளைப் பற்றிப் பேசிவிடுகிறார் அருணந்தி சிவாசாரியார். ஐயத்தோடு காண்பதும் திரித்துக் காண்பதும் காட்சியின் குற்றங்கள் என அவர் பிரித்துக் காட்டுகிறார்.

திருக்குறளிலும் ஒரு நுட்பம் உண்டு. மெய்யுணர்தல் அதிகாரத்தில் ஒரு குறளும், அறிவுடைமை அதிகாரத்தில் ஒரு குறளும் முடியும் பகுதி ஒன்றே. தொடங்கும் பகுதி மட்டும் வேறு. ஒன்று, பொருளின் தோற்றத்தைக் கண்டு மயங்காதே என்கிறது. மற்றொன்று, சொன்னவர் யார் என்பதைக் கண்டு மயங்காதே என்கிறது. துறவறத்திலும் அரசியலிலும் ஆக இரண்டிடத்தும் அவர் இதனை வைத்தார். வீடுபேறு நாடுவோனுக்கும் நாடு ஆள்வோனுக்கும் பொதுவான கடமை இது என்பது அவர் கருத்தாதல் வேண்டும். நண்பர் சொன்னார், தலைவர் சொன்னார், பேராசிரியர் சொன்னார் என்பதெல்லாம் ஆராயத் தொடங்குவதற்குக் காரணமாகலாமேயன்றி, ஆராய்ச்சியை முடித்துவைப்பதற்குக் காரணமாகா.

ஊமைப் பிள்ளையின் கண்ணீர்

பிறருடைய நம்பிக்கையைச் சோதிப்பது எளிது. நமக்கு இனியதான நம்பிக்கையைச் சோதிப்பதுதான் கடினம். ஆதலால், தமிழன்பராகிய நம் அனைவர்க்கும் நெஞ்சுக்கு நெருக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

முச்சங்கங்களின் வரலாற்றை நமக்கு விரிவாகச் சொல்லும் பழைய நூல் இறையனார் களவியல் உரை. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு என அது கூறுகிறது. கூட்டினால் 9990 ஆண்டு. அதே உரையில் இன்னொரு செய்தியும் வருகிறது. இறையனார் இயற்றிய அறுபது சூத்திரங்களுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்று தீர்ப்பதற்கு, உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளையை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, அவன்முன் ஒவ்வோர் உரையாகப் படித்தனர். மதுரை மருதன் இளநாகனாரின் உரைக்குச் சிலவிடங்களில் அவன் கண்ணீர் உகுத்தான். நக்கீரர் உரையைப் படித்தபோதோ சொல்தோறும் கண்ணீர் பெருக, மெய் சிலிர்த்திருந்தான். அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர்.

நம் மொழியில் 'மெய்' என்பது உடம்புக்கும் பெயர், உண்மைக்கும் பெயர். உடம்பில் தோன்றும் சிலிர்ப்பு உண்மைக்குச் சான்றாகும் என்னும் கருத்து இக்கதையில் உறைந்திருக்கிறது. கவிதையைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. ஒரு பாடல் நல்ல பாடலா என்பதற்கு, கேட்பவன் உடம்பைவிடச் சிறந்த நடுவர் இல்லை. அதனாலன்றோ தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கு ஓர் இயலே வகுத்தார்! ஆனால் ஒரு சங்கம் எத்தனை ஆண்டு நடந்தது என்பதற்கு உடம்பு சான்று சொல்லாது. கவிதைக்குரிய நடுவரை வரலாற்றுக்கு நடுவராக அமர்த்தியதே, நாம் நெடுங்காலமாகச் செய்துவரும் பிழை. மெய்சிலிர்ப்பு மெய்க்குச் சான்றாகாது.

கடல்கொண்ட குமரிநாட்டின் செய்தியும் இத்தகையதே. பஃறுளி, குமரி என்னும் ஆறுகளுக்கு இடைப்பட்ட நாற்பத்தொன்பது நாடுகள் கடலில் மூழ்கின என்பது சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையால் தெரிகிறது. இதனோடு தொடர்பே இல்லாமல், 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் தேவாங்கு இனம் சார்ந்த விலங்குகள் காணப்படுவதற்குக் காரணம் தேடி, இந்துமாக்கடலில் அமிழ்ந்த நிலப்பரப்பு ஒன்றை ஊகித்தார். அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். அக்கால அறிவுக்கு அது நேர்மையான ஊகம். பின்னர் நம்மவர் இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தனர். உரையாசிரியரின் நாடுகள் கண்டமாக விரிந்தன. விலங்கியலாரின் ஊகம் வரலாறாக உயர்ந்தது.

அறிவியல் அங்கே நின்றுவிடவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கருத்தை 1912இல் ஆல்பிரட் வெக்னர் முன்வைத்தார். 1960களில் கடலடி ஆய்வுகளால் அது நிலைபெற்றது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒன்றாக ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. மாந்த இனமே தோன்றாத காலம் அது. அமிழ்ந்த கண்டத்திற்குத் தேவையே இல்லாமற் போயிற்று. ஸ்கிளேட்டரின் துறையினர் இலெமூரியாவைக் கைவிட்டனர். நாம்தான் இன்னும் மேடைகளில் சுமந்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் உரையாசிரியர் பொய்யுரைத்தாரா? அவ்வாறு முடிவுகட்டுவதும் ஆராயாமல் நம்புவதன் மறுபக்கமே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றிருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. கடல் ஊரை விழுங்கும் என்பதை நம் கரையோர மக்கள் அறிவர். 1964இல் தனுஷ்கோடி அழிந்தது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. கடல்கோள் பற்றிய நினைவுக்கு ஏதோ ஓர் அடிப்படை இருந்திருக்கலாம் என்பது வரை சான்று நம்மை அழைத்துச் செல்கிறது. ஒரு கண்டமும், அதில் பல்லாயிரம் ஆண்டு ஆண்ட பாண்டியரும் என்பது வரை அது அழைத்துச் செல்லவில்லை. சான்று நின்ற இடத்தில் நாமும் நிற்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கனவு காணலாம்; அதனைக் கவிதை என்று சொல்லிக் காணலாம்.

பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை தமிழ் நூல்களுக்குப் பிற்காலத்தை வரையறுத்தபோது நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக ஆண்டுக்கணக்கில் உழைத்த அவரைத் தமிழ்ப்பகை என்று ஏசினோர் உண்டு. அவருடைய காலக்கணிப்புகள் பலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. அதற்குத் தக்க சான்றுகளும் கிடைத்துள்ளன. ஆனால் அவரை மறுத்தது கல்வெட்டும் அகழாய்வும்; வசைமொழி அவருடைய ஒரு வரியைக்கூட மறுக்கவில்லை. ஒருவர் கூறியது பிழையென்று பின்னர்த் தெரிய வந்தாலும், சான்றோடு கூறியவரை வசையால் எதிர்கொண்டது சரியென்று ஆகிவிடாது. கரைசேர்ந்த கப்பலின் உடைமையாளனைப் பற்றிக் கிளிஃபர்டு சொன்னதை இங்கே நினைவுகூர்க.

கல் சொன்ன சான்று

ஆராய்ந்தால் நமக்கு இனியவையெல்லாம் அழிந்துவிடுமே என்னும் அச்சம் பலருக்கு உண்டு. நடந்தது அதுவன்று. அதியமான் நெடுமானஞ்சியை ஔவை பாடினார் என்று நாம் படித்தோம். அவன் வாழ்ந்த அரசனா, புலவர் கற்பனையா என்று கேட்டோர்க்குக் காட்டப் பாடலைத் தவிர வேறொன்றும் நம் கையில் இல்லை. மற்றொருபுறம், அசோகனின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் குறிக்கப்படும் சத்தியபுத்திரர் யாவர் என்பதிலும் அறிஞரிடையே நெடிய கருத்து வேறுபாடு இருந்தது. 1981இல் திருக்கோவலூர் வட்டாரத்து ஜம்பை என்னும் ஊரின் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்னும் பொருள்பட அமைந்த ஒரே வரி. இரு முடிச்சுகளும் ஒருங்கே அவிழ்ந்தன. கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டோ சேரர் இரும்பொறை மரபில் மூன்று தலைமுறையினரை முறைப்படி பெயர் கூறுகிறது. பதிற்றுப்பத்தின் பிற்பகுதி பாடும் அரசர் வரிசையோடு அது பொருந்திவருவதை அறிஞர் எடுத்துக்காட்டினர்.

கீழடியில் 2014இல் தொடங்கிய அகழாய்வைப் பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என ஆய்வுக்கூடத்தில் கணிக்கப்பட்டதைத் தெரிவித்தது. 9990 ஆண்டோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் அதற்கு ஆழம் உண்டு, மண்ணடுக்கு உண்டு, அளந்த முறை உண்டு. மறுக்க விரும்புவோரும் அதே முறையால்தான் மறுக்க வேண்டும்; வாய்ச்சொல்லால் அதனை அசைக்க இயலாது. அறிக்கை வந்த சில நாள்களில், அந்த எண்ணை இரண்டு மடங்கும் பத்து மடங்கும் பெருக்கிப் பரப்பியவர்கள், தாம் தமிழுக்குத் தொண்டு செய்வதாகவே எண்ணினர். உறுதியான கல்லின்மேல் ஓலைக்குடிசை வேய்ந்தால், குடிசை பறக்கும் நாளில் கல்லையும் சேர்த்தன்றோ உலகம் நகைக்கும்?

தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறார். அவற்றுள் முதலாவது கல்வி. வீரமும் புகழும் கொடையும் ஏனைய மூன்று. பழமை அந்த நான்கனுள் இல்லை என்பதை இந்த அவையில் நினைவூட்ட விரும்புகிறேன்.

இவ்வறத்தை வாழ்ந்து காட்டியவர் உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணி சமண நூல். அதன் பொருளைத் தெளிவதற்கு, சைவச் சூழலில் வளர்ந்த அவர் கும்பகோணத்துச் சமணர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டார். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887இல் பதிப்பித்தார். 1898இல் மணிமேகலையை வெளியிட்டபோது, படிப்பவர் நலங்கருதிப் புத்தரின் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் தாமே எழுதிச் சேர்த்தார். தம் நம்பிக்கையைக் கைவிட்டாரா? இல்லை. பிறர் நூலின் பொருளைத் தம் நம்பிக்கைக்கு ஏற்ப வளைக்கவில்லை. ஏட்டில் இருப்பது எதுவோ அதுவே அவருக்குப் பாடம். தம் விருப்பம் பாடமாகாது.

ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

கிளிஃபர்டுக்கு வலுவான மறுப்பும் உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் ஆற்றிய உரையில், சான்று முழுதும் கிடைக்கும்வரை காத்திருப்பதே ஒரு முடிவுதான் என்றார். நட்பு வேண்டுமானால், மற்றவர் நம்மை விரும்புவார் என்று முதலில் நம்பிக் கைநீட்ட வேண்டும். சான்று கேட்டு நிற்பவனுக்கு நண்பன் வாய்ப்பதில்லை. சிலவிடங்களில் நம்பிக்கையே உண்மையைப் பிறப்பிக்கிறது. அறிவால் தீர்க்க இயலாததும், தள்ளிப்போட முடியாததும், வாழ்வையே மாற்றக்கூடியதுமான தெரிவுகளில் நெஞ்சம் துணிவதற்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம்.

இதனை மறுக்க எனக்கு மனமில்லை. முதல் வரி எழுதும் கவிஞன், பத்தாவது வரி வரும் என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறான்? பத்தாண்டுகளுக்கு முன் இவ்வட்டத்தைத் தொடங்கியவர்களிடம் சான்றா இருந்தது? அவர்கள் நம்பியதால் இது உண்மையாயிற்று. ஆனால் ஜேம்ஸ் திறந்த கதவு குறுகியது. நாளை நடப்பதை நம் நம்பிக்கை உருவாக்கலாம். நேற்று நடந்ததை உருவாக்க இயலாது. நான் எத்துணை உறுதியாக நம்பினாலும் நக்கீரர் ஓராண்டு முன்னதாகப் பிறந்துவிடப் போவதில்லை. போளூர்ச் சாலைக்கு வந்த அம்மையார் குழந்தை கடத்துபவராகிவிடப் போவதும் இல்லை. வருவதைப் பற்றித் துணிக. வந்ததைப் பற்றி விசாரிக்க. இந்த வேறுபாட்டைக் காத்துக்கொண்டால் இரு அறிஞரும் நமக்குத் துணையாவர்.

எல்லாவற்றையும் ஒருவரே ஆராய நேரம் ஏது என்பது மற்றொரு மறுப்பு. ஆராய நேரமில்லாதவர்க்கு நம்புவதற்கும் நேரமில்லாதிருக்கட்டும் என்பது கிளிஃபர்டு தந்த விடையின் கருத்து. அது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். அதனை மென்மையாகச் சொல்லும் ஒரு தொடர் நம்மிடம் உண்டு: "எனக்கு இன்னும் தெரியவில்லை." கற்றோர் அவையில் இத்தொடருக்கு இழுக்கு ஏதும் இல்லை.

கவிஞர்க்குரிய கடமை

கவிஞர்களிடம் இதனைத் தனியே வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிறர் சொன்ன பொய் ஒரு நாளில் மறக்கப்படும். கவிஞன் சொன்ன பொய் எதுகையோடு நினைவில் நிற்கும். உவமை பொய்யன்று, அது உவமை என்பது கேட்பவருக்குத் தெரியும். நிலவைப் பெண் என்று பாடுக. உங்களை யாரும் சான்று கேட்கப்போவதில்லை. ஆனால் முன்னுரையில், "உலகின் முதல் மாந்தன் பேசிய மொழி" என்று எழுதுகையில் நீங்கள் உவமை கூறவில்லை, செய்தி கூறுகிறீர்கள். செய்திக்குரிய கடன் அப்போது உங்கள் தோளில் ஏறிவிடுகிறது. அவ்வாறே, பாரதி சொன்னதாக ஒரு வரி கையில் வந்தால், நூலைத் திறந்து பார்க்கும்வரை அதனைப் பாரதியின் பெயரால் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். அன்பினால் ஒருவர் வாயில் நாம் திணிக்கும் சொல்லும் அவருக்குச் செய்யும் இழிவே.

இந்த அவையும் அறிஞர் அவையாதலின் இன்னொரு வேண்டுகோள். நம்மோடு உடன்படாத ஆய்வுரை ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுதும் படித்துக் கேட்போம். மறுப்பதானால் அளவையால் மறுப்போம். நமக்கு மெய்சிலிர்க்கச் செய்யும் செய்தியிடத்தே மட்டும் இரண்டு மடங்கு ஐயம் கொள்வோம். ஏனெனில், நம்மை ஏமாற்ற விரும்புவோர் முதலில் தேடுவது நம் விருப்பத்தைத்தான். நம்பு என்றால் விருப்பம் என்று தொல்காப்பியர் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

நிறைவாக ஒன்று. இன்று நான் பேசுவது நாளை உங்கள் பத்தாம் ஆண்டு மலரில் அச்சாகும். மலர்கள் நூலகங்களுக்குச் செல்லும். பல ஆண்டு கழிந்து, யாரோ ஓர் இளைஞர் தம் கட்டுரைக்குச் சான்று தேடிப் பழுப்பேறிய அம்மலரைப் புரட்டுவார். அவர் நம்மைக் கண்டிருக்கமாட்டார். நம்மிடம் விளக்கம் கேட்க அவரால் இயலாது. நாம் அச்சிட்டதை நம்பி அவர் தம் கப்பலைக் கடலில் இறக்குவார். அப்பலகை உளுத்ததா, உறுதியானதா என்று தட்டிப் பார்த்துத் தரவேண்டியவர்கள் இன்று இங்கே அமர்ந்திருக்கும் நாமே.

இவ்வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஐயம் எழுப்புவோரையும் அன்போடு அமர்த்திக்கொள்ளும் அவையாகத் திகழ வேண்டும் என வாழ்த்தி அமைகிறேன்.